மூத்தாள் சேலை

என்னைப் பதினொரு தடவை காட்டியிருக்கிறார்கள். பெண் பார்க்க வந்தார்கள் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. திசையன்விளையில் எங்கள் அண்ணன் வீட்டு முன்னறையில் நாலு நாற்காலி, ஒரு பெஞ்சு, சுவரில் திருச்செந்தூர் முருகன் காலண்டர். வந்தவர்கள் மிக்சரைக் கொறித்துக்கொண்டிருக்க, நான் காபித் தட்டோடு வந்து நிற்பேன். தட்டை எந்த உயரத்தில் பிடித்தால் கை நடுங்குவது தெரியாது, முதலில் யார் முகத்தைப் பார்க்க வேண்டும், சிரித்தால் பல் எவ்வளவு தெரியலாம் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆறாவது தடவைக்கு மேல் படபடப்புகூட இல்லை. பதினொன்றும் தட்டிப்போயின. நிறம், வயசு, செவ்வாய் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒரு காரணமும் சொல்லாமல் மிக்சரை மட்டும் தீர்த்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

ஆனால் அடுத்தவர்களை முதல் பார்வையிலேயே வளைப்பதுதான் என் பிழைப்பு. திருநெல்வேலி டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் ஒன்பது வருஷமாக நிற்கிறேன். படியேறி வருகிறவளின் செருப்பைப் பார்த்தாலே அவள் விசேஷத்துக்கு எடுக்க வந்திருக்கிறாளா, மழைக்கு ஒதுங்கி வந்திருக்கிறாளா என்று சொல்லிவிடுவேன். 'என்ன வேணும்?' என்று ஒருநாளும் கேட்கமாட்டேன். 'உக்காருங்க மதினி, தண்ணி குடிக்கீயளா?' என்பேன். முதலில் விரிக்கிற சேலை அவள் உடுத்தி வந்ததைவிட ஒரு படி மேலே இருக்க வேண்டும், இரண்டு படி மேலே இருந்தால் பயந்துவிடுவாள். முதல் சேலைக்கு முகம் சுளித்தால் அதற்கு மேல் முப்பது சேலை விரித்தாலும் வீண். முதல் கோணல் முற்றும் கோணல் என்பதை எழுதிவைத்தவன் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தவனாகத்தான் இருப்பான்.

அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். அண்ணன் வீட்டில் எனக்கென்று இருந்தது கொடியில் ஒரு முழம் இடம்தான், அதிலும் அண்ணன் பெண்டாட்டி பிள்ளைகளின் யூனிஃபார்மைக் காயப்போட ஆரம்பித்துவிட்டாள். வண்ணார்பேட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் கட்டில் எடுத்துத் தங்கிக்கொண்டேன். முப்பத்தாறு வயசாகியிருந்தது. கல்யாணப் பேச்சை எடுத்தால் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

அப்படி இருக்கும்போதுதான் தளவாய் என்பவர் எங்கள் கடைக்கு வந்தார். சேரன்மகாதேவியில் ஈபி லைன்மேன். கூட அவருடைய அக்கா, பேச்சியம்மா மதினி. சேலை எடுக்க வந்தது போல உட்கார்ந்து, ஆறு சேலையை விரிக்க வைத்து, ஏழாவதுக்குத்தான் மதினி வாயைத் திறந்தாள். தம்பிக்கு என்னைக் கேட்டு வந்திருப்பதாகச் சொன்னாள். தரகர் வழியாக என் போட்டோ போயிருந்ததாம். எனக்குக் கோபம் வந்தது. பிழைப்பு பார்க்கிற இடத்தில் இது என்ன கூத்து என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் பேசினார்.

"நான் ஒண்ணும் பாக்க வரல. எட்டு வயசுல எனக்கு ஒரு மக இருக்கா. வடிவுன்னு பேரு. அவளுக்கு உங்கள பிடிக்கணும். அதுபோதும் எனக்கு."

எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. நிறத்தையும் வயசையும் விட்டுவிட்டு ஒரு ஆள் பேசி அன்றுதான் கேட்கிறேன். அவர் பெண்டாட்டி தனலட்சுமி இரண்டு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் நாலே நாளில் போய்விட்டாள். காய்ச்சல் ஒட்டிக்கொள்ளும் என்று முதல் நாளே பிள்ளையை முக்கூடலில் தனலட்சுமியின் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்புறம் பயந்துவிடுவாள் என்று உடம்பையும் காட்டவில்லை. அன்றிலிருந்து பிள்ளை அந்தப் பெரியம்மா வீட்டில்தான் வளர்ந்தாள். பெரியம்மா பெயர் தங்கபுஷ்பம். பொம்பளை இல்லாத வீட்டுக்குப் பிள்ளையை அனுப்ப முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம். ஆகவே பிள்ளையைத் திரும்ப வாங்க தளவாய்க்கு ஒரு பெண்டாட்டி வேண்டும். உள்ளதை உள்ளபடி சொன்னார், நானும் சரி என்றேன்.

கல்யாணத்துக்கு முன்னால் பிள்ளையை ஒருதரம் பார்த்துவிடுகிறேன் என்று கேட்டேன். தங்கபுஷ்பம் ஒப்பவில்லை. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆகி கல்யாணம் நின்றுபோனால் பிள்ளை இரண்டாவது தடவையும் ஏமாந்துபோகும், தாலி ஏறட்டும், அப்புறம் காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டாள். சொன்னது நியாயம்தான். பன்னிரண்டாவது தடவையாக என்னைக் காட்டப்போவது எட்டு வயசுப் பிள்ளையிடம் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மூத்தாள் செத்து இரண்டாம் தாரமாகப் போகிறவளுக்கு எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. செத்தவளுக்கு ஒரு புதுச் சேலை எடுத்து அவள் படத்துக்கு முன்னால் வைத்து, பூவும் பழமும் படைத்துக் கும்பிட வேண்டும். அவளிடம் உத்தரவு கேட்டு, தாலி கட்டின அன்றே அந்தச் சேலையை எடுத்து உடுத்திக்கொள்ள வேண்டும். செய்யாவிட்டால் மூத்தாள் கோபிப்பாள், வீடு விளங்காது என்பார்கள். எனக்கு இதில் பயம் ஒன்றும் இல்லை. செத்தவளுக்கு ஒரு மரியாதை, அவ்வளவுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

"அவளுக்குப் பிடிச்ச நெறமா பாத்து எடுளா தேனு. நீ இருக்கிறதே சேலைக்கடையில. உனக்கு நான் சொல்லித் தரணுமா?" என்றாள் மதினி போனில்.

அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று தளவாயிடம் கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒரு போட்டோ அனுப்பிவைத்தார். திருச்செந்தூர் கடற்கரையில் தனலட்சுமி நிற்கிறாள், இடுப்பில் கைப்பிள்ளையாக வடிவு. கடுகு மஞ்சளில் காட்டன் சேலை, அரக்கு பார்டர், முந்தியில் மூன்று வரிசை மாங்காய். எப்போதும் இதைத்தான் உடுத்துவாள், எரிக்கும்போதும் இதைத்தான் போர்த்தினோம் என்று எழுதியிருந்தார்.

அங்கேதான் என் தொழில்புத்தி குறுக்கே வந்தது. மஞ்சளில் ஏதாவது ஒன்றை எடுத்து வைத்திருந்தால் முறை முடிந்திருக்கும். நான் அந்தப் போட்டோவைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்தேன். இந்த டிசைன் ஆறேழு வருஷத்துக்கு முந்தியது, இப்போது வருவதில்லை. மூன்று நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கடையின் மாடி குடோனில் ஏறி, தூசியில் தும்மிக்கொண்டு, பழைய கட்டுகளை எல்லாம் பிரித்துத் தேடினேன். மூன்றாம் நாள் கிடைத்துவிட்டது. அதே மஞ்சள், அதே அரக்கு, அதே மூன்று வரிசை மாங்காய். எனக்கு அவ்வளவு பெருமை. செத்தவளுக்கு இதைவிட மரியாதை யார் செய்வார்கள் என்று நினைத்தேன்.

பக்கத்து கவுன்ட்டரில் நிற்கும் ரைஹானத்திடம் போட்டோவையும் சேலையையும் சேர்த்துக் காட்டினேன். மேலப்பாளையத்துக்காரி, என் ஒரே கூட்டாளி. "அச்சு அசலா அதேதாம்ளா" என்று மெச்சினாள். பிறகு, "போனவளுக்கு இம்புட்டு மெனக்கெடுதியே, இருக்கிற பிள்ளைக்கு என்ன வச்சிருக்க?" என்று கேட்டாள்.

பிள்ளைக்கும் எல்லாம் தயாராகத்தான் வைத்திருந்தேன். ஒரு பாவாடை சட்டை, இரண்டு ஜோடி ரிப்பன். அவள் வாசலில் வரும்போது நான் எழுந்து நிற்கக் கூடாது. கீழே உட்கார்ந்திருக்க வேண்டும், அவள் உயரத்துக்கு. கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. 'என்னை அம்மான்னு கூப்பிடு' என்று சொல்லவே கூடாது. 'உன் பேரு என்ன?' என்று கேட்கக் கூடாது, எல்லாரும் கேட்பதுதானே அது. கடையில் ஆள் இல்லாத நேரத்தில் கண்ணாடி முன்னால் நின்று முகத்தைச் சரிபார்த்தேன். கொஞ்சமாகச் சிரித்த முகம். இருபது தடவையாவது ஒத்திகை பார்த்திருப்பேன்.

வைகாசி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் கோயிலில் வைத்துத் தாலி கட்டினார். அப்பன் கல்யாணத்தைப் பிள்ளை பார்க்கக் கூடாது என்பதால் வடிவு முக்கூடலிலேயே இருந்தாள். சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெரியம்மா கூட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. மத்தியானம் சேரன்மகாதேவி வீட்டில் தனலட்சுமியின் படத்துக்கு முன்னால் சேலையை வைத்துக் கும்பிட்டோம். மதினிக்கு அந்தச் சேலையைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. "அவளே வந்து எடுத்த மாரி இருக்குளா" என்றாள். தளவாய் எழுந்து வெளியே போனார். சேலையை உடுத்திக்கொண்டேன். மதினி தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துவிட்டு, அடுப்பில் பால் காய்ச்சச் சொன்னாள்.

அவர்கள் ஐந்து மணிக்கு வரவில்லை, மூன்றரைக்கே வந்துவிட்டார்கள். யாரோ தெரிந்தவரின் ஆட்டோ கிடைத்ததாம். அது தெருவில் வந்து நின்ற சத்தம்கூட எனக்குக் கேட்கவில்லை. நான் அடுப்படியில், புறவாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தேன். பால் மேலெழும்பிக்கொண்டிருந்தது. தன் வீடாச்சே, பிள்ளை முன்வாசல் வழியாக வராமல் பழைய வழக்கத்தில் புறவாசலுக்கு ஓடி வந்திருக்கிறாள்.

"எம்மா!"

இரண்டு கை என் இடுப்பைச் சுற்றி இறுக்கின. முதுகில் ஒரு முகம் அழுந்தியது. மூச்சு சேலையைத் தாண்டிச் சுட்டது. என் வாழ்க்கையில் என்னை யாரும் அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. ஒரு நொடி எனக்கு என்னையே மறந்துபோயிற்று. அப்படியே நின்றிருக்கலாம். அல்லது பைய உட்கார்ந்து, முகத்தைக் காட்டாமல் அவள் கையை மட்டும் பிடித்திருக்கலாம். நான் திரும்பினேன். இருபது தடவை ஒத்திகை பார்த்த அந்தச் சிரிப்போடு திரும்பினேன்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். மேல்வரிசையில் ஒரு பல் இல்லை. சிரிப்பு வாயில் இன்னும் பாதி இருந்தது, கண்ணில் போய்விட்டது. அப்புறம் வாயிலும் போய்விட்டது. கைகளை என் இடுப்பிலிருந்து எடுத்தாள். அழவில்லை. சத்தம் போடவில்லை. முதுகில் அழுத்தின கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, வந்த வழியே போய், கழற்றிப் போட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு, தெருவில் நின்ற ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

பால் பொங்கி அடுப்பை அணைத்தது. தங்கபுஷ்பம் அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி! எரிச்ச என் தங்கச்சி சேலைய எங்கன இருந்துட்டி எடுத்தே?"

இது புதுச் சேலை, முறைக்காக எடுத்தது என்று மதினி ஓடிவந்து சொன்னாள். தங்கபுஷ்பம் முந்தியைப் பிடித்துப் பார்த்தாள். மடிப்பு கலையாத விறைப்பு கைக்குத் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"பள்ளிக்கூடம் தொறக்க இன்னும் பதினஞ்சு நாள் கிடக்கு," என்று தளவாயிடம் சொன்னாள். "அது வரைக்கும் இங்கன இருக்கட்டும். அதுக்குள்ள பிள்ளை ஒட்டிக்கிட்டான்னா இங்கனயே பள்ளிக்கூடத்துல சேருங்க. வாயத் தொறக்காம இப்பிடியே இருந்தான்னா நான் வந்து கூட்டிட்டுப் போயிருவேன். பெறகு எந்தக் காலத்துலயும் எங்கிட்ட வந்து கேக்கக் கூடாது."

தளவாய் தலையை ஆட்டினார். ஆட்டோவிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர அவருக்கு அரைமணி நேரம் ஆயிற்று.

பொழுது சாயும்போது அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "நீ நல்லது நெனச்சுத்தான் செஞ்சே. எனக்குத் தெரியும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ போயிட்டான்னா நான் என்ன செய்வேன்னு எனக்குத் தெரியல தேனு. அவளுக்காகத்தான் இதெல்லாம்" என்றார். இதெல்லாம் என்பதில் நானும் இருந்தேன். கட்டின முதல் நாள் கேட்கிற பேச்சு இது. ஆனால் அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை என்று பார்த்துத்தானே கழுத்தை நீட்டினேன்.

மறுநாளே அந்தச் சேலையைத் துவைத்து மடித்து பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டேன்.

வடிவு நல்ல பிள்ளை. சோறு போட்டால் சாப்பிடுவாள், தட்டைக் கழுவி வைப்பாள். குளி என்றால் குளிப்பாள். அப்பாவிடம் பேசுவாள், அவ்வப்போது வந்துபோகும் மதினியிடம் பேசுவாள், பக்கத்து வீட்டுக் கோழியிடம்கூட நின்று பேசுவாள். என்னிடம் பேச்சில்லை. நான் கேட்டதற்குத் தலை ஆடும், மேலும் கீழும் அல்லது இப்படியும் அப்படியும். கண் மட்டும் என் முகத்துக்கு வராது, கழுத்தோடு நின்றுவிடும். தலை பின்னிவிட உட்கார வைத்தால், ஆஸ்பத்திரியில் ஊசிக்கு உட்கார்ந்த மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு இருப்பாள்.

எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டினேன். இரண்டு ரிப்பனை நீட்டி எது வேண்டும் என்று கேட்டால் கஸ்டமர் எப்படியும் ஒன்றைத் தொடுவாள். வடிவு இரண்டையும் வாங்கி அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். யானை, முயல் என்று தோசை சுட்டுப் பார்த்தேன். சுட்டதைத் தின்றாள், சிரிக்கவில்லை. அதோடு விட்டுவிட்டு வட்டமாகவே சுட்டேன். ஒருநாள் மதினியோடு மூன்று பேருமாக ஆற்றுக்குக் குளிக்கப் போனோம். கரையில் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். பிள்ளை நடுங்கிக்கொண்டே என்னைச் சுற்றிப் போய், மதினியின் ஈரச் சேலையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மதினிக்கே சங்கடமாகப் போயிற்று. "சின்னப் புள்ளதானளா, போகப் போகச் சரியாயிரும்" என்றாள். போகப் போக என்பதற்கு எங்களிடம் ஒன்பது நாள்தான் மிச்சம் இருந்தது.

ரைஹானத்துக்குப் போன் போட்டு அழுதேன்.

"கஸ்டமர் முகத்தச் சுளிச்சிட்டுப் போனா நீ என்னளா செய்வே? அடுத்த ஆளப் பாப்பல்லா?" என்றாள்.

"இங்கன ஒரே கஸ்டமர்தாம்ளா" என்றேன்.

நாள் ஆக ஆக எனக்குக் கோபம் வர ஆரம்பித்தது. செத்தவள் மேல்கூட வந்தது. படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றும்போது, 'மூணு நாள் தூசியில தேடி எடுத்தேனே, அதுக்கு இதுதானா?' என்று கேட்டிருக்கிறேன். பிள்ளை மேல் வந்த கோபத்தைப் பாத்திரங்கள் மேல் காட்டினேன். அப்புறம் அவள் தூங்கும்போது பார்த்தால் மனசு தாங்காது. வாயைத் திறந்துகொண்டு, பல் இல்லாத இடத்தை நாக்கால் தடவிக்கொண்டே தூங்குவாள். பிடிக்காத ஒருத்தியோடு ஒரு வீட்டில் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? அண்ணன் வீட்டில் நான் இருந்தவள்தானே. நாளாக ஆக அவளைப் பார்த்துப் பயப்படவும் ஆரம்பித்தேன், பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவரைப் பார்த்துப் பயப்படுகிற மாதிரி.

பதினாலாம் நாள் வந்தது. மறுநாள் காலை வருவதாகத் தங்கபுஷ்பம் போனில் சொல்லிவிட்டாள். தளவாய் காலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். போகும்போது பிள்ளையின் துணிப்பையை எடுத்துப் பார்த்துவிட்டு, பழையபடி மாட்டிவிட்டுப் போனார். நானும் விடுதி வார்டனுக்குப் போன் செய்தேன். என் கட்டிலுக்கு வேறு பெண் வந்துவிட்டாளாம். அண்ணனுக்குப் போன் செய்யவில்லை.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். கடைக்குப் போய்ப் பால் வாங்கிவிட்டு வந்தேன். பீரோ திறந்து கிடந்தது. அதன் முன்னால் தரையில் வடிவு உட்கார்ந்திருந்தாள். மடியில் அந்த மஞ்சள் சேலை. மூக்கில் வைத்து மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் என்ன மணம் இருக்கும்? சோப்பு மணம்தான் இருக்கும். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். அந்த முதல் நாளுக்குப் பிறகு இப்போதுதான் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இத உடுத்துதீயளா?"

பதினாலு நாள் கழித்து என்னிடம் ஒரு வார்த்தை. பால் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுச் சேலையை வாங்கினேன். உள்ளே போய் உடுத்தும்போது கொசுவம் கையில் நிற்கவில்லை. ஒன்பது வருஷமாகச் சேலையோடு பிழைக்கிறவள், மூன்று தடவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன். பிள்ளை மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். பிடித்துப்போய்விட்டது என்று நினைத்தேன். நாளைக்குத் தங்கபுஷ்பம் வெறுங்கையோடு போவாள் என்றெல்லாம் நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அவள் என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். முகத்தில் மட்டும் நிற்காமல் தாண்டிப் போயிற்று பார்வை.

"அடுப்புக்கிட்ட நில்லுங்க. அந்தப் பக்கமாப் பாத்து."

நின்றேன்.

"திரும்பக் கூடாது."

"சரி" என்றேன்.

புறவாசல் வழியாக அவள் வெளியே போகும் சத்தம் கேட்டது. செருப்பை மாட்டினாள். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடி வந்தாள்.

"எம்மா!"

இரண்டு கை இடுப்பைக் கட்டிக்கொண்டன. அதே இடத்தில் முகம் அழுந்தியது. எனக்குப் புரிந்துவிட்டது. முன்னால் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு, சிந்திக் காய்ந்த மாவு. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் பேசினாள். ஆத்தாடி, அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு பேச்சு. இரண்டு வருஷத்துப் பேச்சு. பல் விழுந்ததைச் சொன்னாள், அதைச் சாணியில் உருட்டிப் பெரியம்மா வீட்டுக் கூரையில் எறிந்ததைச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஸ்டெபி என்ற பிள்ளையோடு சண்டை போட்டதை, பிறகு ராசியானதை, அவள் வீட்டில் நாய் குட்டி போட்டதைச் சொன்னாள். பெரியம்மா நல்லவள்தான், ஆனால் தலைக்குப் பேன் பார்க்கும்போது குட்டுவாள் என்று சொன்னாள். நான் "ம்" கொட்டினேன். வாயைத் திறந்தால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடுமே என்று பயம். செத்தவர்கள் வரமாட்டார்கள் என்று எட்டு வயசுப் பிள்ளைக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் திரும்பக் கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறாள்.

"பெரியம்மா வீட்டுக்குப் போம்போது நான் டாட்டா சொன்னேன். நீ இங்கன நின்னு கஞ்சி காச்சிக்கிட்டு இருந்தே. திரும்பியே பாக்கல்ல நீ," என்றாள். கோபம் இல்லை. ஒரு தகவல் போலச் சொன்னாள்.

"கேக்கலம்மா. காய்ச்சல்ல காது அடைச்சிருந்துது" என்றேன். எங்கிருந்து எனக்கு அந்தப் பொய் வந்தது என்று தெரியவில்லை. முதுகில் அவள் தலை அசைந்தது. ஒத்துக்கொண்டாள் போல.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள், வீட்டில் யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல.

"எம்மா, எப்பா ஒரு சித்திய கூட்டியாந்திருக்காவ."

"ம்."

"நல்லவதான். ஏசவே மாட்டா. தோசை வட்டமா சுடுதா. ஆனா..."

"ஆனா?"

"அவ இங்கன இருந்தா நீ எப்பிடி வருவே? அவ எப்பம்மா போவா?"

நான் அடுப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். படியேறி வருகிற எவளுக்கும் முதல் வார்த்தை என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதற்கு என்ன சொல்ல? திரும்பி, 'நான்தான் அந்தச் சித்தி, உன் அம்மா வரமாட்டா' என்று சொல்லலாம். அதுதான் உண்மை. சொன்னால் நாளைக்குத் தங்கபுஷ்பம் வரும்போது துணிப்பை வாசலில் இருக்கும். பையோடு இந்த வீடும் போய்விடும், தளவாய்க்கும் எனக்கும். அவளை அனுப்பிவிட்டு அவரும் நானும் இந்த அடுப்படியில் எதற்காகச் சமைப்போம்? ஆனால் அதெல்லாம் எனக்கு அப்போது பெரிதாகத் தோன்றவில்லை. என் முதுகில் ஒரு பிள்ளை சாய்ந்திருந்தது, அது அங்கேயே இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அந்த நேரத்தில் நான் யாராக இருக்கவும் தயாராக இருந்தேன்.

"அவளுக்கு வேற போக்கிடம் இல்ல வடிவு," என்றேன். "இங்கன ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டும். என்ன?"

அவள் யோசித்தாள். நெற்றியை என் முதுகில் இப்படியும் அப்படியுமாகத் தேய்த்தாள்.

"சரி. இருக்கட்டும். ஆனா நீ வாரப்ப அவ இருக்கக் கூடாது."

"இருக்க மாட்டா" என்றேன்.